மே மாதத் தண்ணீரைப் பார்த்து மீன் வாங்குங்கள்

மேடவாக்கத்திலிருந்து ஒரு நண்பர் கேட்டிருப்பது சுருக்கமாக இது. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத்தில் ஒரு மீன் தொட்டி. செடித் தொட்டிக்கென்று விற்கும் மண் போட்டுச் செடி நட்டு 5 வாரம் ஆகிறது. செடிகள் நன்றாகப் பிடித்துவிட்டன. தண்ணீர் போர் தண்ணீர், டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) 850. இதில் நியான் டெட்ரா 10, ஏஞ்சல் 2, ஃபைட்டர் 1, கொஞ்சம் செர்ரி இறால் விடலாமா என்று கேட்கிறார். பாசி தின்னட்டும் என்று ஒரு சக்கர் மீனை ஏற்கெனவே வாங்கி விட்டுவிட்டாராம்.

பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது, கோபிக்க வேண்டாம். நான் முதல் தொட்டி வைத்தபோது போட்ட பட்டியலும் ஏறத்தாழ இதேதான். ஏஞ்சலுக்குப் பதிலாக ரெட் டெயில் ஷார்க் என்ற தொட்டி மீன் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். இதில் எந்த மீனும் கெட்ட மீன் இல்லை. ஆனால் எல்லாம் ஒரே தொட்டியில், உங்கள் தண்ணீரில், உங்கள் ஊர் வெயிலில் சேராது.

மீன் வாங்கும்போது எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறோம். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அளவைப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் முதல் கேள்வி வேறு. மே மாதம், மதியம் 3 மணிக்கு, உங்கள் தொட்டித் தண்ணீர் எத்தனை டிகிரி? தெரியவில்லை என்றால் மீனுக்கு முன் ஒரு வெப்பமானி வாங்குங்கள். ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலைதான் இருக்கும். சென்னையில் ஏசி இல்லாத அறையில் கத்திரி வெயில் சமயத்தில் தண்ணீர் 32 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். மேலே விளக்கு எரிந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். இரவு மட்டும் ஏசி ஓடும் படுக்கையறை என்றால் தினமும் ஏறி இறங்கும், அது தனித் தொல்லை.

நியான் டெட்ரா மேல் அமேசான் பகுதியின் சிற்றோடை மீன். மரநிழலில் ஓடும் தண்ணீர். அதற்கு 20 முதல் 25 டிகிரி வரைதான் சுகம். நான் ஒரு பொங்கல் விடுமுறையில் 15 நியான் வாங்கி விட்டேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் வரை ஒன்றுகூடச் சாகவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஏப்ரலில் இரண்டு நாளைக்கு ஒன்று என்று போக ஆரம்பித்தது. தீனியை மாற்றினேன், மருந்து ஊற்றினேன், ஃபில்டரைக் கழுவினேன். மீன் விற்ற கடைக்காரரைத் திட்டினேன். மே முதல் வாரத்தில் மிச்சம் இரண்டு. அப்போதுதான் நண்பர் ஒருவர் வெப்பமானி கொண்டுவந்து போட்டார். 33 காட்டியது. மூன்று மாதம் பிழைத்ததே அந்த மீன்களின் பெருந்தன்மை.

சூடு ஏன் கொல்கிறது என்பதில் இரண்டு காரணம் சேர்ந்து வேலை செய்கிறது. தண்ணீர் சூடானால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும்: 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை தாங்கும் தண்ணீர், 32 டிகிரியில் 7.3 தான் தாங்கும். அதே சமயம் மீனின் உடல் வேகமாக இயங்குவதால் அதற்கு ஆக்சிஜன் அதிகம் வேண்டியிருக்கும். செடித் தொட்டியில் இன்னொன்றும் உண்டு. பகலில் ஆக்சிஜன் விடும் அதே செடிகள் இரவில் மீனோடு போட்டி போட்டு அதை இழுத்துக்கொள்ளும். மீன்கள் விடியற்காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் காரணம் பெரும்பாலும் இதுதான். செடிக்காகக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருந்தால் விளக்கு அணையும்போதே அதையும் நிறுத்துங்கள், இரவில் ஏர் பம்ப் ஓடட்டும். மின்வெட்டுக்கு பேட்டரி பம்ப் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது.

தண்ணீரின் மேல்பரப்பில் காற்று படும்படி ஒரு சின்ன மின்விசிறி மாட்டினால் ஆவியாகி 2, 3 டிகிரி இறங்கும். மதுரை, திருச்சி மாதிரி வறண்ட காற்றுள்ள ஊரில் நன்றாகவே வேலை செய்யும். கடல்காற்றின் ஈரம் இருக்கும் சென்னையில் அந்த அளவுக்கு இறங்காது. ஆவியாகிப் போன தண்ணீருக்குப் பதில் போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பெல்லாம் தொட்டியிலேயே நிற்கும். ஈடுகட்ட ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். விசிறிக்காக மூடியைத் திறந்து வைத்தால் மீன் துள்ளி வெளியே விழும், அதற்கு மேலே கொசுவலையைச் சட்டம் கட்டிப் போட்டுவிடுங்கள். என் வீட்டில் இன்றுவரை அதுதான்.

அடுத்தது டிடிஎஸ் 850. இது வெறும் மொத்தக் கணக்கு. அதில் கால்சியம், மக்னீசியம் எவ்வளவு, சாதா உப்பு எவ்வளவு என்று மீட்டர் சொல்லாது. சென்னையின் தென்பகுதி போர்களில் உப்பும் கலந்திருப்பது வழக்கம், அதனால் ஜிஹெச், கேஹெச் (தண்ணீரின் கடினத்தைச் சொல்லும் இரண்டு அளவுகள்) பார்க்கும் சொட்டு மருந்துக் கிட் ஒன்று வாங்கிவிடுவது நல்லது. நீங்கள் போட்டிருக்கும் மண் ஆரம்பத்தில் கடினத்தையும் பிஹெச்சையும் இழுத்துக் கீழே வைக்கும். "என் தொட்டியில் பிஹெச் 6.8 தானே" என்று அதை நம்பி மீன் வாங்குகிறவர்கள் உண்டு. போர் தண்ணீரையே மாற்றி மாற்றி ஊற்றினால் அந்த மண்ணின் சக்தி சில மாதத்தில் தீர்ந்துவிடும். பிறகு பிஹெச் 8 பக்கம் ஏறும்போது மீன் திகைக்கும்.

வழி இரண்டு. ஒன்று, வீட்டு ஆர்ஓ தண்ணீரைக் கலப்பது. மூன்றில் ஒரு பங்கு போர், இரண்டு பங்கு ஆர்ஓ என்றால் ஏறத்தாழ 320 டிடிஎஸ் வரும், அது பல மீன்களுக்குப் போதும். (ஆர்ஓ மெஷினின் கழிவுக் குழாயில் வரும் தண்ணீர் இதற்கு உதவாது. அது போர் தண்ணீரை விட மோசம்.) உங்கள் தொட்டி கணக்குப்படி 56 லிட்டர், மண்ணும் கல்லும் போக 45 தான் நிற்கும். வாரம் கால்வாசி மாற்றினால் 11, 12 லிட்டர். ஒரு வாளி. பெரிய வேலை இல்லை. மெட்ரோ தண்ணீர் வருகிறவர்கள் குளோரின் நீக்கும் மருந்தை மறக்கக்கூடாது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் தெருவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை, அவர்கள் மீது எனக்குப் பொறாமை உண்டு. இரண்டாவது வழி, தண்ணீரை அப்படியே விட்டுவிட்டு அந்தத் தண்ணீருக்குப் பிறந்த மீனை வாங்குவது. சோம்பேறிகளுக்கு இதுதான் சிறந்தது. நானும் அந்தக் கட்சி.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

ஏஞ்சல் வேண்டாம். கடையில் பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இருப்பது வளர்ந்து முடிந்தால் துடுப்போடு சேர்த்து 20 சென்டிமீட்டர் உயரம் இருக்கும். உங்கள் தொட்டியில் மண்ணுக்கு மேல் தண்ணீர் 9 அங்குலம்தான் இருக்கும். வளர்ந்த ஏஞ்சலின் வாய்க்கு நியான் டெட்ரா ஒரு பட்டாணி. காலையில் எண்ணும்போது ஒன்று குறையும், பிறகு இன்னொன்று, உடலும் கிடைக்காது.

ஃபைட்டர் வெயிலுக்குப் பிரமாதம். தாய்லாந்து 2019-ல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாகவே அறிவித்தது. தலைக்குள் இருக்கும் லேபிரிந்த் என்ற உறுப்பால் நேரடியாகக் காற்றைச் சுவாசிக்கும், தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தாலும் சமாளிக்கும். ஆனால் அதை வைத்தால் அதுதான் அந்த வீட்டு மாப்பிள்ளை. நீளத் துடுப்பைக் கடிக்கும் மீன் எதுவும் கூட இருக்கக்கூடாது, செர்ரி இறாலைத் தேடித் தேடித் தின்னும். 2 அடி செடித் தொட்டியில் ஒரே ஒரு ஃபைட்டர், கூட நாலு நத்தை என்று வைத்துப் பாருங்கள். பாட்டிலில் அசையாமல் நிற்கும் அதே மீன் இலைக்கு இலை ரோந்து போகும். பலருக்கு இது மனதுக்கு ஒப்பாது, "இவ்வளவு பெரிய தொட்டியில் ஒரு மீனா" என்பார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

நியானின் நிறம்தான் மனதில் நிற்கிறது என்றால் கார்டினல் டெட்ராவைப் பாருங்கள். நியானுக்குச் சிவப்புப் பட்டை உடலின் பின்பாதியில் மட்டும், கார்டினலுக்குச் செவுளிலிருந்து வால்வரை. அப்படித்தான் பிரித்து அறிய வேண்டும். பிரேசிலின் ரியோ நெக்ரோ ஆற்று மீன். அந்தக் கறுந்தேநீர் நிறத் தண்ணீர் சூடானது என்பதால் 29 டிகிரி வரை கலங்காது. ஆனால் அந்தத் தண்ணீரில் உப்பே கிடையாது. ஆர்ஓ கலக்கப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும். விலையும் கூடுதல்.

கூட்டமாகத்தான் வேண்டும், ஆனால் தலைவலி வேண்டாம் என்றால் எம்பர் டெட்ரா. 2 சென்டிமீட்டர்தான் வளரும், நெருப்புத் துண்டு மாதிரி ஆரஞ்சு நிறம், பச்சைக்கு நடுவில் அப்படியே எரியும். பிரேசிலின் அராகுவாயா ஆற்றுப்படுகையிலிருந்து வந்தது. கடையில் பார்த்தால் வெளுத்துச் சாம்பல் பூத்தது போல இருக்கும், அதனால் யாரும் வாங்குவதில்லை. செடித் தொட்டிக்குள் பத்து நாள் இருந்தால் நிறம் ஏறும். உங்கள் தொட்டிக்கு 12 வைக்கலாம். கொஞ்சம் பெரிதாக வேண்டுமானால் ஹார்லிக்வின் ரஸ்போரா 8. பின்னுடலில் கறுப்பு முக்கோணம், கலப்புத் தண்ணீரில் முரண்டு பிடிக்காது.

இந்த இடத்தில் ஒன்று. கூட்டமீன் என்றால் எப்போதும் படை அணிவகுப்பு மாதிரி போகும் என்று நினைத்து வாங்குகிறார்கள். முதல் வாரம் அப்படித்தான் போகும், ஏனென்றால் பயம். பயம் தெளிந்ததும் ஆளுக்கொரு மூலையில் மேயும். "என் மீன் கூட்டம் சேரமாட்டேன் என்கிறது, என்ன நோய்?" என்று கேட்காதீர்கள். அது நிம்மதியாக இருக்கிறது. இந்த நிம்மதி வர எண்ணிக்கை வேண்டும். ஐந்து வகையில் இரண்டிரண்டு வாங்குவதற்குப் பதில் ஒரே வகையில் பத்து வாங்குங்கள். சின்னத் தொட்டி அப்போதுதான் பெரிதாகத் தெரியும். கல்யாண வீட்டுச் சாப்பாட்டு இலை மாதிரி எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்தால் இங்கே ருசி வராது.

போர் தண்ணீரை மாற்றாமல் அப்படியே வைக்க வேண்டும் என்றால் கப்பி இனம். கேலியாக நினைக்காதீர்கள். கடினத் தண்ணீரும் வெயிலும் அதற்குப் பிரச்சினையே இல்லை. அதிலும் எண்ட்லர் என்ற சின்ன வகை, வெனிசுவேலாவிலிருந்து வந்தது, ஆண் மீன் ஒவ்வொன்றும் ஒரு பட்டாசுப் பொறி. ஆணாக மட்டும் எட்டு, பத்து எடுங்கள். ஒரு பெண் தவறி வந்துவிட்டால் போயிற்று. ஏறத்தாழ மாதம் ஒருமுறை குட்டி போடும், ஒருமுறை சேர்ந்த பின் ஆண் இல்லாமலே பல மாதம் போட்டுக்கொண்டிருக்கும். ஒரு நண்பர் மூன்று ஜோடியில் ஆரம்பித்து, ஆறாம் மாதம் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஜாம் பாட்டிலில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேல்மட்டத்துக்கு ஒரு ஜோடி வேண்டுமானால் ஹனி கௌராமி. நம் நாட்டு வடகிழக்கிலும் வங்கதேசத்திலும் வாழும் மீன், சாதுவானது, இதுவும் காற்றைச் சுவாசிக்கும். பக்கத்திலேயே இன்னும் பளபளப்பாக டுவார்ஃப் கௌராமி என்று விற்பார்கள். அதன் பண்ணை வம்சங்களில் ஒரு வைரஸ் நோய் பரவியிருக்கிறது, மருந்து கிடையாது. நான் அதை வாங்குவதை விட்டுவிட்டேன்.

கௌராமி பேச்சு வந்ததால் என் சொந்த ஆசை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சூடோஸ்ஃப்ரோமெனஸ் குபானஸ் என்று ஒரு சின்ன மீன், 6 சென்டிமீட்டர். அந்த 'குபானஸ்' வேறெதுவும் இல்லை, புதுச்சேரிப் பக்கத்து அரியாங்குப்பம்தான். 1831-ல் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஆற்று மீனை வைத்துப் பெயரிட்டார்கள். வயல் வாய்க்கால், தாமரைக் குட்டை என்று நம் பக்கத்திலும் இலங்கையிலும் இருக்கிறது. லேபிரிந்த் உறுப்பு உண்டு, இலைக்கு அடியில் நுரைக்கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். சாதாரணமாகப் பழுப்பு, சினை காலத்தில் கறுத்து அழகாகும். நம் வெயிலிலேயே பிறந்து வளர்ந்ததற்கு மின்விசிறியும் வேண்டாம், ஆர்ஓவும் வேண்டாம். கடைகளில் அபூர்வமாகத்தான் வரும், வந்தாலும் பெயர் தெரியாமல் ஓரத்தில் கிடக்கும்.

நம் மேற்குத்தொடர்ச்சி மலை மீன்களில் இரண்டை மட்டும் இந்தத் தொட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். மிஸ் கேரளா 11 சென்டிமீட்டருக்கு மேல் வளரும், பாய்ந்து நீந்த 4 அடியாவது வேண்டும், காட்டில் அழியும் நிலையிலும் இருக்கிறது. பீ பஃபர், கடலை அளவு, பார்த்தால் சொக்கிப்போவீர்கள். நத்தையைத் தின்னும் என்று சொல்லி விற்பார்கள். உண்மைதான், ஆனால் கூட இருக்கும் மீன்களின் துடுப்பையும் தின்னும். அதற்குத் தனித் தொட்டி வேண்டும்.

அடிமட்டத்துக்கு எது என்று கேட்பீர்கள். பிக்மி கோரி அழகுதான், ஆனால் அதுவும் நியான் மாதிரி குளிர்ச்சி விரும்பி. சென்னைக்கு நான் சொல்லமாட்டேன். தரை காலியாக இருந்தால் குற்றம் ஒன்றும் இல்லை. பாசிக்கு நெரைட் நத்தை மூன்று போடுங்கள். கடினத் தண்ணீர் அதன் ஓட்டுக்கு நல்லது, செடியைத் தொடாது, நல்ல தண்ணீரில் அதன் முட்டை பொரியாது என்பதால் பெருகவும் பெருகாது. ஒரே குறை, கண்ணாடியிலும் மரத்துண்டிலும் வெள்ளைப் புள்ளியாக முட்டையிட்டு வைக்கும், சுரண்டினாலும் லேசில் போகாது. செர்ரி இறாலைச் சின்ன மீன்களோடு வைக்கலாம், குஞ்சுகள் ஒளிய ஜாவா மாஸ் என்ற பாசிச்செடி அடர்த்தியாக வேண்டும். 30 டிகிரிக்கு மேல் அதுவும் சோர்ந்துவிடும், ஆகவே வெயில் காலம் முடிந்து ஆடியில் வாங்குங்கள். மீனுக்கு மருந்து போடும்போது தாமிரம் உள்ளது எதையும் இறால் தொட்டியில் ஊற்றக்கூடாது, ஒன்றும் மிஞ்சாது.

5 வாரம் ஆகிவிட்டது என்பதால் மட்டும் தொட்டி தயார் என்று அர்த்தம் இல்லை. புது மண் அம்மோனியா விடும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்ட வேண்டும். பிஹெச் 7-லிருந்து 8-க்குப் போனால் அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக நிற்கும் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகும், சூட்டில் இன்னும் கூடும். போர் தண்ணீர்க்காரர்கள் இந்தச் சோதனையில் சலுகை எடுக்கவே முடியாது.

மீன் வாங்கக் கொளத்தூர் வண்ணமீன் சந்தைக்குப் போகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் போகாமல் வார நாளில் போங்கள், நின்று பார்க்க முடியும். மீனைப் பார்க்கும் முன் அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். அடியில் ஒரு செத்த மீன் கிடந்தால் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருப்பது, வயிறு ஒட்டியிருப்பது, உப்புத் தூவியது போல வெள்ளைப் புள்ளி, இதெல்லாம் இருந்தால் விலை பேசவே வேண்டாம். "கொஞ்சம் தீனி போடுங்கள் அண்ணே" என்று கேளுங்கள், ஓடி வந்து தின்னும் மீனைக் கேளுங்கள். ரோஸ், நீலம், பச்சை என்று மிட்டாய் நிறத்தில் டெட்ரா இருந்தால் பல நேரம் அது சாயம் ஏற்றியது, சில மாதத்தில் வெளுக்கும். அப்புறம் வீட்டுக்கு வந்ததும் கவரை அவிழ்த்து அப்படியே கொட்டாதீர்கள். கடைத் தண்ணீருக்கும் உங்கள் தண்ணீருக்கும் டிடிஎஸ் எவ்வளவு வித்தியாசமோ தெரியாது. ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாக உங்கள் தண்ணீரைச் சேர்த்து, பிறகு வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். ஆர்ஓ கலக்க முடியும் என்றால் முதலில் நெரைட் மூன்று, ஒரு வாரம் கழித்து எம்பர் 12, மூன்று வாரம் கழித்து ஹனி கௌராமி ஒரு ஜோடி. கலக்க முடியாது என்றால் நெரைட், எண்ட்லர் ஆண் 8, அதோடு சரி. இரண்டிலும் இறால் ஆடியில். இன்னும் வைக்கலாமே என்று தோன்றும். அந்த இடத்தில் இன்னொரு செடி நடுங்கள்.

மிச்சம் இருப்பது சக்கர். 'டேங்க் கிளீனர்' என்று விற்றிருப்பார்கள். விரல் நீளத்தில் இருக்கும்போது கொஞ்சம் பாசி தின்னும். பிறகு முழங்கை நீளம் வளரும், செடியை வேரோடு பெயர்க்கும், தின்பதை விடக் கழிப்பது அதிகம். இன்னும் சின்னதாக இருக்கும்போதே எடுத்துக்கொண்டுபோய் கடையில் கொடுத்துவிடுங்கள். பணம் திரும்பக் கேட்காவிட்டால் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள். கடைக்காரர் மறுத்தால் பெரிய தொட்டி வைத்திருக்கும் யாரையாவது தேடுங்கள். பாவம் பிழைத்துப் போகட்டும் என்று பள்ளிக்கரணைச் சதுப்பிலோ பக்கத்து ஏரியிலோ மட்டும் விட்டுவிடாதீர்கள். அது பிழைத்துவிடும், அதுதான் பிரச்சினை. நம் ஏரிகளில் வலை போடுகிறவர்களைக் கேட்டால், அந்த முள்ளுத்தோல் மீன் வலையைக் கிழிப்பதைச் சொல்வார்கள்.